'எண்ட்லஸ் சம்மர்' தட்டில் இடம்பெறாத டர்பன்காரர்கள்

1974 ஜூன் மாதத்தில் கேப்பிட்டல் நிறுவனம் 'எண்ட்லஸ் சம்மர்' என்ற இரட்டை இசைத்தட்டை வெளியிட்டபோது அதில் புதிய பாட்டு ஒன்றுகூட இருக்கவில்லை. கலிபோர்னியாவின் பீச் பாய்ஸ் இசைக்குழு 1962க்கும் 1965க்கும் இடையில் பாடி, தனித்தட்டுகளாகவும் ஆல்பங்களாகவும் ஏற்கெனவே விற்று முடித்திருந்த இருபது பாடல்களைப் பக்கத்துக்கு ஐந்தாக நான்கு பக்கங்களில் அடுக்கியிருந்தார்கள். அந்தத் தட்டு அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. பிறகு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அந்தப் பட்டியலிலேயே இருந்தது. அதற்கு முன் அந்தக் குழுவின் ஆல்பம் ஒன்று முதலிடம் பெற்றது 1964இல்தான். இடைப்பட்ட பத்தாண்டுகளில் அவர்கள் உழைத்து உருவாக்கிய புதிய ஆல்பங்களில் எதற்கும் கிட்டாத இடம் பழைய பாடல்களின் தொகுப்புக்குக் கிட்டியது.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இருக்கும் எனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். அந்தத் தட்டு வெளிவருவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் பீச் பாய்ஸ் குழுவில் முழு உறுப்பினர்களாக இருந்தவர்களில் இருவர் எங்கள் ஊர்க்காரர்கள். ஒருவர் பிளாண்டி சாப்ளின், மற்றவர் ரிக்கி ஃபட்டார். அக்குழுவின் வரலாற்றில் மிகப் பெரிய வெற்றிகளுள் ஒன்றான அந்தத் தொகுப்பில் இவர்களுடைய குரலோ, கிட்டாரோ, டிரம்ஸோ எங்கும் ஒலிக்கவில்லை. ஒரு தொகுப்புத் தட்டு எவற்றைச் சேர்த்தது என்பதைவிட எங்கே வேலி போட்டது என்பதே கவனிக்க வேண்டிய செய்தி என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம்.

தொகுப்பு ஆல்பம் என்றாலே பழஞ்சோற்றைப் புது இலையில் பரிமாறுவது என்று இசை ரசிகர்கள் ஏளனமாகப் பேசுவதுண்டு. தமிழர்களாகிய நமக்கு அப்படிப் பேசும் உரிமை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நம்முடைய இலக்கியத்தின் மிகப் பழைய செல்வம் நம் கைக்கு வந்து சேர்ந்ததே எட்டுத்தொகை என்னும் தொகுப்பு வடிவில்தான். குறுந்தொகையைப் பூரிக்கோ தொகுத்தார் என்றும், அகநானூற்றைப் பாண்டியன் உக்கிரப்பெருவழுதிக்காக உருத்திரசன்மர் தொகுத்தார் என்றும் தொகுத்தவர் பெயரையும் தொகுப்பித்தவர் பெயரையும் மரபு காப்பாற்றி வைத்திருக்கிறது. நான்கு அடி முதல் எட்டு அடி வரை உள்ளவை ஒரு நூலுக்கு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை உள்ளவை இன்னொரு நூலுக்கு, பதின்மூன்று முதல் முப்பத்தொன்று வரை உள்ளவை வேறொன்றுக்கு என்று அடிக்கணக்கையே அளவாக வைத்து அகப்பாடல்களைப் பிரித்தார்கள். தொகுப்பவர் கையில் எப்போதும் ஓர் அளவுகோல் இருக்கிறது. அந்த அளவுகோலுக்குள் அடங்காதது எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டும்.

(இடையில் ஒரு செய்தி. 1970களில் தென்னாப்பிரிக்காவில் 'ஸ்பிரிங்பாக் ஹிட் பரேட்' என்ற வரிசையில் தொகுப்புத் தட்டுகள் வந்துகொண்டிருந்தன. அவற்றில் இருந்தவை வெளிநாட்டு வெற்றிப் பாடல்களின் அசல் ஒலிப்பதிவுகள் அல்ல; உள்ளூர்க் கலைஞர்கள் ஒலிப்பதிவுக்கூடத்தில் உட்கார்ந்து அச்சு அசலாகப் பாடிக் கொடுத்த நகல்கள். வாங்கியவர்களுள் பலர் அசல் என்றே நம்பிக் கேட்டார்கள். அந்த வரிசையைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.)

சாப்ளினும் ஃபட்டாரும் 'தி ஃப்ளேம்ஸ்' என்ற டர்பன் குழுவில் வளர்ந்தவர்கள். 1960களின் முற்பகுதியில் ஸ்டீவ் ஃபட்டார் தொடங்கிய குழு அது. அவருடைய தம்பிகளில் ஒருவரான எட்ரீஸை எல்லோரும் 'பிரதர்' என்றே அழைத்தார்கள். அவர் பேஸ் கிட்டார் வாசித்தார். இன்னொரு தம்பியான ரிக்கி பள்ளிச் சிறுவனாக இருந்தபோதே டிரம்ஸ் வாசிக்க வந்துவிட்டார். பிளாண்டி சாப்ளின் பின்னர் சேர்ந்தார். 1968இல் அவர்கள் பாடிய 'ஃபார் யுவர் பிரெஷஸ் லவ்' இந்த நாட்டில் பெரும் வெற்றி பெற்றது. அதுவும் சொந்தப் பாட்டன்று; 1958இல் ஜெர்ரி பட்லரும் இம்ப்ரெஷன்ஸ் குழுவும் அமெரிக்காவில் பாடியது. இருந்தாலும் டர்பனில் அந்தத் தலைமுறையைக் கேட்டால் அது ஃப்ளேம்ஸின் பாட்டு என்றுதான் சொல்வார்கள். அவர்களை மேடையில் பார்த்திருந்த என் மாமா, நான் அந்தப் பாட்டின் பூர்விகத்தை எடுத்துச் சொன்ன ஒரு நாளில், "எவன் முதல்ல பாடுனா என்னடா, நம்ம பையன் பாடுனதுக்கப்புறம் அது நம்ம பாட்டு" என்று வாதத்தை முடித்துவிட்டார்.

'நம்ம பையன்' என்று மாமா சொன்னது தமிழ்ப் பையனை அல்ல. ஃப்ளேம்ஸ் குழுவினரை இனவொதுக்கல் அரசு 'கலர்ட்' (கலப்பினத்தவர்) என்று வகைப்படுத்தியிருந்தது. எங்களை 'இந்தியர்' என்று வகைப்படுத்தியிருந்தது. 1950ஆம் ஆண்டின் குழுவாரிக் குடியிருப்புச் சட்டம் மக்களைத் தெருத்தெருவாகப் பெயர்த்து எடுத்து வேறு வேறு பகுதிகளில் கொண்டுபோய்ப் போட்டது. டர்பனின் இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வொர்த் உருவானதே அப்படித்தான். அந்த நாளில் பீச் பாய்ஸ் பாடல்களை டர்பனில் கேட்பதில் ஒரு விசித்திரம் இருந்தது. அலைச்சறுக்குக்குப் பேர்போன நகரம் இது. 1977இல் உலக அலைச்சறுக்குப் பட்டம் வென்ற ஷான் டாம்சன் இந்த ஊரில் வளர்ந்தவர். ஆனால் நகரத்தின் நல்ல கடற்கரைகள் வெள்ளையருக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்தன; 1953ஆம் ஆண்டின் தனித்தனி வசதிகள் சட்டம் அதற்கு முழுக் காவலாக நின்றது; 1989 வரை அந்த நிலை மாறவில்லை. கலிபோர்னியாவின் கடற்கரையைக் கொண்டாடும் பாடல்களைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், தங்கள் ஊரின் கடற்கரைக்குப் போனால் எந்தப் பலகைக்கு அப்பால் கால்வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே கற்றுக்கொண்டார்கள். அப்படிப்பட்ட ஊரிலிருந்து இரண்டு பேர் அந்தக் குழுவுக்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

அவர்கள் போய்ச் சேர்ந்த கதை சுருக்கமானது. ஃப்ளேம்ஸ் குழு லண்டனுக்குச் சென்று அங்குள்ள இரவு விடுதிகளில் வாசித்துக்கொண்டிருந்தபோது பீச் பாய்ஸின் ஆல் ஜார்டினும் கார்ல் வில்சனும் அவர்களைக் கேட்டார்கள். கார்ல் அவர்களை அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்று, தம் குழுவின் சொந்த நிறுவனமான பிரதர் ரெக்கார்ட்ஸுக்காக 1970இல் ஓர் ஆல்பத்தைத் தயாரித்தார். ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபேமஸ் ஃப்ளேம்ஸ்' குழுவோடு குழப்பம் வராமலிருக்க, அங்கே பெயரை 'தி ஃப்ளேம்' என்று ஒருமையாக்கிக்கொண்டார்கள். ஆல்பம் ஓடவில்லை, குழு கலைந்தது, ஸ்டீவ் டர்பனுக்குத் திரும்பி, 2020இல் இறக்கும்வரை இங்கேயே இசையோடு வாழ்ந்தார். பிளாண்டியும் ரிக்கியும் 1972இல் பீச் பாய்ஸில் சேர்ந்தபோது இருவருக்கும் இருபது வயதை ஒட்டித்தான் இருக்கும்.

சேர்ந்தவுடன் வந்த 'கார்ல் அண்ட் தி பேஷன்ஸ்: சோ டஃப்' ஆல்பத்திலேயே இவர்கள் இருவரும் சேர்ந்து எழுதிய பாடல்கள் இரண்டு உண்டு. அடுத்து, குழு முழுவதும் நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்து, ஒலிப்பதிவுக் கருவிகளை லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வரவழைத்து, பாம்ப்ருக்கே என்ற சிற்றூரில் 'ஹாலண்ட்' ஆல்பத்தைப் பதிவு செய்தது. வெளியிட வேண்டிய ரிப்ரீஸ் நிறுவனம் அதைக் கேட்டுவிட்டு, தனித்தட்டாக விடத் தகுந்த பாட்டு எதுவும் இதில் இல்லை என்று திருப்பி அனுப்பியது. அப்போது குழுவின் முதன்மைப் பாடலாக்கக்காரர் பிரையன் வில்சனும் பாடலாசிரியர் வான் டைக் பார்க்ஸும் தொடங்கி வைத்து, வேறு சிலர் கைகளும் பட்டிருந்த 'செயில் ஆன், செயிலர்' என்ற பாட்டைத் தேடி எடுத்தார்கள். டென்னிஸ் வில்சன் பாடிப் பார்த்தார், கார்ல் பாடிப் பார்த்தார், சரியாக வரவில்லை. கடைசியில் பிளாண்டி பாடினார், அதுவே நிலைத்தது. பீச் பாய்ஸின் மற்றப் பாடல்களில் இல்லாத ஒரு கரகரப்பும் களைப்பும் பிடிவாதமும் அந்தக் குரலில் இருக்கின்றன. வில்சன் சகோதரர்களின் குரல்களைப் பெரிதும் மதிக்கும் எனக்கும், அவர்களுள் எவரும் இதை இப்படிப் பாடியிருக்க முடியாது என்றே படுகிறது.

அந்தப் பாட்டு உள்ளே வந்ததால் வேறொரு பாட்டு வெளியே போனது. பிளாண்டியும் ரிக்கியும் குழுவின் பாடகர் மைக் லவ்வும் எழுதிய 'வீ காட் லவ்' தென்னாப்பிரிக்காவை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. சர்வதேசப் புகழ்பெற்ற ஓர் அமெரிக்க ராக் குழு, 1973இன் தொடக்கத்திலேயே, இந்த நாட்டிலிருந்து போனவர்களின் பாட்டைத் தன் ஆல்பத்தில் வெளியிட்டிருக்க வேண்டியது. அந்த இடத்தை 'செயில் ஆன், செயிலர்' எடுத்துக்கொண்டது. 'வீ காட் லவ்' அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த மேடை நிகழ்ச்சி ஆல்பத்தில் மட்டும் இடம்பெற்றது. ஒரு டர்பன்காரர் பாடிய பாட்டுக்காக டர்பன்காரர்கள் எழுதிய பாட்டு நீக்கப்பட்டது என்பதால் யார்மீது வருத்தப்படுவது என்றும் தெரியவில்லை.

இனி 1974க்கு வருவோம். 'எண்ட்லஸ் சம்மர்' ஏன் 1965ஓடு நின்றது? அது ரசனையால் போடப்பட்ட எல்லை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஒப்பந்தம் போட்ட எல்லை. பீச் பாய்ஸ் கேப்பிட்டல் நிறுவனத்தை விட்டு 1969இல் விலகினார்கள். அதன்பின் பிற்காலக் கேப்பிட்டல் பதிவுகளின் உரிமை குழுவின் கைக்கே திரும்பியது. அவர்கள் அவற்றை ரிப்ரீஸிடம் கொடுத்தார்கள். 1966இன் 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தை, 1972இல் அமெரிக்காவில் 'சோ டஃப்' ஆல்பத்தோடு இணைத்தே ரிப்ரீஸ் விற்றது. ஆகவே கேப்பிட்டலின் அலமாரியில் மிஞ்சியிருந்தவை தொடக்க காலப் பாடல்கள் மட்டுமே. அக்குழுவின் பெருமைக்கே அடையாளமான 'குட் வைப்ரேஷன்ஸ்' பாட்டுகூட அந்தத் தட்டின் முதல் பதிப்பில் இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பிளாண்டியையும் ரிக்கியையும் வேண்டுமென்று யாரும் ஒதுக்கவில்லை. பிரையன் வில்சனின் சிறந்த படைப்புகளையே வெளியே நிறுத்திய வேலிக்கு முன்னால் இவர்கள் எம்மாத்திரம்?

இருந்தாலும் நியாயமாகச் சொல்ல வேண்டும்: அந்தத் தொகுப்பு மிகக் கெட்டிக்காரத்தனமாகச் செய்யப்பட்டது. மாமா வீட்டில் அதன் பழைய பிரதி ஒன்று இருந்தது. இலைகளுக்கிடையே தாடி வைத்த முகங்கள் எட்டிப்பார்க்கும் அட்டைப்படம் ஓரமெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. உள்ளே பாடுகிறவர்களோ தாடி முளைக்காத பையன்கள்! பெயரை மைக் லவ்தான் சொன்னாராம். அந்தப் பெயரிலேயே பாதி வியாபாரம் முடிந்துவிட்டது. முதல் பக்கம் 1962இன் 'சர்ஃபின் சஃபாரி'யில் தொடங்குகிறது. கடைசிப் பக்கம் 'ஆல் சம்மர் லாங்' பாட்டில் முடிகிறது. 1973இல் ஜார்ஜ் லூகாஸ் எடுத்த 'அமெரிக்கன் கிராஃபிட்டி' படத்தின் இறுதியில் ஒலித்த பாட்டு அது. அந்தப் படம் பார்த்துவிட்டுப் பழைய நாட்களை நினைத்து ஏங்கிக்கொண்டிருந்த அமெரிக்கர்களுக்கு, படம் முடிந்த அதே பாட்டில் தட்டும் முடிந்தது. இது தற்செயலா, திட்டமா என்பது எப்படி இருந்தாலும் விளைவு ஒன்றுதான்.

மேலும், அது வெறும் கடற்கரைக் கும்மாளம் அல்ல. 'சர்ஃபர் கேர்ள்', 'இன் மை ரூம்', கென்னடி கொல்லப்பட்ட நாட்களை ஒட்டி எழுதப்பட்ட 'தி வார்ம்த் ஆஃப் தி சன்', 'டோன்ட் வொரி பேபி' போன்ற மெதுவான, தனிமை தோய்ந்த பாடல்கள் வேகப் பாடல்களுக்கு இடையிடையே வைக்கப்பட்டிருக்கின்றன. மூன்றாம் பக்கத்தில் உள்ள 'லெட் ஹிம் ரன் வைல்ட்', நான்காம் பக்கத்தில் கார்ல் தனிக்குரலில் பாடும் 'கேர்ள் டோன்ட் டெல் மீ' ஆகிய இரண்டும் 1965இன் ஒரே ஆல்பத்திலிருந்து எடுக்கப்பட்டவை. அடுத்த ஆண்டு வரப்போகும் 'பெட் சவுண்ட்ஸ்' இவற்றில் ஏற்கெனவே தலைகாட்டுகிறது. வெற்றிப் பட்டியலை மட்டும் பார்த்துத் தொகுத்தவர்கள் இப்படிப்பட்ட பாடல்களைத் தொட்டிருக்க மாட்டார்கள். அதனால்தான் இந்தத் தட்டைக் கோபத்தோடு எடுத்துவைத்தாலும் நான்கு பக்கங்களையும் முழுதாகக் கேட்டு முடித்துவிடுகிறேன்.

ஆனால் அதன் வெற்றி குழுவைத் திசை மாற்றிவிட்டது. 1974இல் ரோலிங் ஸ்டோன் இதழ் அவர்களை ஆண்டின் சிறந்த குழுவாகத் தேர்ந்தெடுத்தது. மேடைக்கு முன் புதிதாகக் கூடிய இளைஞர்கள் கேட்டது பழைய பாடல்களை. பிளாண்டி 1973இன் இறுதியில் மனக்கசப்போடு வெளியேறியிருந்தார். ரிக்கியும் 1974இல் விலகினார். இவர்கள் வெளியேறியதற்குத் தொகுப்புத் தட்டைக் காரணமாகச் சொல்வது பொருந்தாது. ஆனால் இவர்களோடு சேர்ந்து குழு தேடிக்கொண்டிருந்த புதிய ஒலியைத் தொடர்வதற்கான அவசியம் அந்த வெற்றிக்குப் பின் யாருக்கும் இல்லாமல் போயிற்று. 1975இல் அதே வகையில் இன்னொரு தொகுப்பைக் கேப்பிட்டல் இறக்கியது. 1976இல் குழு தானே வெளியிட்ட '15 பிக் ஒன்ஸ்' ஆல்பத்தில் பாதிக்கு மேற்பட்டவை பிறர் பாடிய பழைய பாடல்கள். புதிதாக எதையும் செய்யாமல் இருப்பதற்கு நல்ல கூலி கிடைக்கும்போது மனிதர்கள் வேறென்ன செய்வார்கள்?

அதே 1976இல் பிரிட்டனில் '20 கோல்டன் கிரேட்ஸ்' என்ற தொகுப்பு வந்து பத்து வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அங்கே உரிமைச் சிக்கல் அந்த அளவுக்கு இல்லாததால் 'குட் வைப்ரேஷன்ஸ்' உண்டு, 'காட் ஒன்லி நோஸ்' உண்டு. ஆனாலும் அது 1969ஓடு நின்றுவிடுகிறது. டர்பன்காரர்கள் சேர்ந்தது 1972இல்.

எனக்கு உண்மையில் உறுத்துவது 2003இல் வந்த 'சவுண்ட்ஸ் ஆஃப் சம்மர்'தான். முப்பது பாடல்கள் கொண்ட அந்த ஒற்றைக் குறுந்தகடு 1962இல் தொடங்கி 1988இன் 'கோகமோ' வரை வருகிறது. ஆண்டு எல்லையும் உரிமை எல்லையும் அங்கே தடையாக இல்லை. அப்படியும் 'செயில் ஆன், செயிலர்' இல்லை. பாடல்களைப் பார்த்தால் புதிய அளவுகோல் எது என்பது புலப்படும்: அமெரிக்காவின் முதல் நாற்பது இடங்களுக்குள் வந்த பாடல்களால் ஆன தொகுப்பு அது. 1979இல் மிகச் சரியாக நாற்பதாம் இடத்தைத் தொட்ட 'குட் டைமின்' உள்ளே இருக்கிறது. 'செயில் ஆன், செயிலர்' 1973இல் 79ஆம் இடம் வரையும், 1975இல் மறுபடி வெளியிட்டபோது 49ஆம் இடம் வரையும்தான் ஏறியது. ஒன்பது படிகள் குறைந்ததால் அது வெளியே நின்றது. இன்றைய இளைஞர் பீச் பாய்ஸ் என்று தேடினால் முதலில் கிடைப்பது பெரும்பாலும் இந்தத் தொகுப்பு வரிசைதான். அந்தக் குழுவில் தென்னாப்பிரிக்கர்கள் இருந்தார்கள் என்ற எண்ணமே அவருக்கு எழ வாய்ப்பில்லை.

அவர்கள் இருவரும் அதனால் முடங்கிப் போய்விடவில்லை. ரிக்கி, பீட்டில்ஸைக் கேலி செய்து எடுக்கப்பட்ட 'தி ரட்டில்ஸ்' குழுவில் ஒருவராக 1978இல் நடித்தார். பின்னர் அமெரிக்கப் பாடகி போனி ரைட்டின் டிரம்ஸ் கலைஞராகப் பல்லாண்டுகள் வாசித்தார். பிளாண்டி 1990களின் பிற்பகுதியிலிருந்து ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் சுற்றுப்பயணங்களில் துணைக்குரலும் கிட்டாரும் கொடுத்தார். பிரையன் வில்சன் தம் கடைசிக் காலச் சுற்றுப்பயணங்களில் பிளாண்டியை உடன் அழைத்துச் சென்றார்; மேடையில் 'செயில் ஆன், செயிலர்' வரும்போது பாடியவர் பிளாண்டிதான். 2025 ஜூனில் பிரையன் காலமானபோது உலகமெங்கும் ஒலித்த அஞ்சலிகளில் அந்தப் பாட்டை நான் அதிகம் கேட்கவில்லை.

இந்தக் காலகட்டத்தைக் கேட்க விரும்புகிறவர்களுக்கு வழிகள் உண்டு. தொகுப்பாகவே வேண்டுமென்றால் 1981இல் வந்த 'டென் இயர்ஸ் ஆஃப் ஹார்மனி' இரட்டைத் தட்டைத் தேடிப் பாருங்கள். 1970 முதல் 1980 வரையிலான பாடல்களை எடுத்துக்கொண்ட அதில் 'செயில் ஆன், செயிலர்' உண்டு. அந்தப் பத்தாண்டில் குழு எவ்வளவு ஏற்ற இறக்கத்தோடு இயங்கியது என்பதும் அதில் ஒளிவுமறைவின்றித் தெரியும்; எல்லாப் பாட்டும் நன்றாக இருக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். விரிவாகக் கேட்கப் பொறுமை உள்ளவர்களுக்கு 2022இன் இறுதியில் வெளியான 'செயில் ஆன் செயிலர் 1972' பெட்டித் தொகுப்பு இருக்கிறது. 'சோ டஃப்', 'ஹாலண்ட்' ஆகிய இரண்டு ஆல்பங்களோடு, 1972 நவம்பரில் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் நடந்த நிகழ்ச்சியும் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறது. ரிக்கியின் டிரம்ஸ் மேடையில் எப்படி அந்தக் குழுவைத் தாங்கியது என்பதை அங்கே கேட்கலாம். முதலில் 'ஹாலண்ட்', அதிலும் 'செயில் ஆன், செயிலர்' முடிந்ததும் ரிக்கி சின்தசைசர் வாசிக்கும் 'லீவிங் திஸ் டவுன்'. அது பிடித்திருந்தால் கார்னகி ஹால். 'சோ டஃப்' கடைசியில் போதும்.